முதலில் வேன், அப்புறம் லாரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே எனக்குத் தலை நரைத்துப் போனது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுப்பேன், ஆடி மாதம் மாரியம்மன் தாலாட்டைப் பார்த்துப் படிப்பேன், அதற்கு மேல் எழுத்து வேலை செய்ததில்லை. ஆனால் படிப்புக் குறைவு மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொரு தடவையும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அம்மாவின் குரல் காதுக்குள் கேட்கும். "மொதல்ல என்ன?" அவ்வளவுதான். எது முதல் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு எழுந்துவிடுவேன்.

இப்போது துணிந்து எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு வழக்கு முற்றிப் போனதுதான் காரணம். அது என்ன வழக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் இருந்தால் இதற்கே என்னை ஏசியிருப்பார். "கடைசியில சொல்றேன்னு மொதல்லயே சொல்றது என்ன பழக்கம் தம்பி?"

அவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயாம்மா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது, பால்குடிப் பிள்ளை முதல் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை வரைக்கும் விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. இலங்கை மலைநாட்டில் பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற ரோட்டில் இறங்கி, வளைந்து வளைந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். ஸ்டோர் என்கிற தேயிலை பாக்டரியைத் தாண்டி ரோட்டில் ஒரு முடக்கு, முடக்கைத் தாண்டியவுடன் தகரக் கூரை போட்ட அந்த நீளக் காம்பரா. இது அறுபதுகள் முடியப்போகிற காலம். நான் ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மிசினில் வேலை. என் மனைவி கமலம் கொழுந்து மலையில். மகள் லெட்சுமிக்கு அப்போது மூன்று வயசு.

ஆயாம்மாவின் பெயரை நான் எழுதவில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. நெடுநெடு என்று உயரம். தொட்டிலுக்குத் தொட்டில் குனிந்து குனிந்து முதுகு கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். வெற்றிலை போடுவார். அதிலும் வரிசை உண்டு. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, பிறகுதான் புகையிலை. யாராவது அன்பாகப் பாக்கை முதலில் நீட்டிவிட்டால், வெற்றிலை வந்து சேரும் வரைக்கும் அதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். வாயில் போடமாட்டார், கீழேயும் வைக்கமாட்டார்.

பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். எது முதல், எது பிறகு.

உங்களுக்குச் சின்னப் பிள்ளைகளைத் தெரியும்தானே. அதுகளுக்கு நடந்து முடிந்ததெல்லாம் நேத்து, நடக்கப் போவதெல்லாம் நாளைக்கு. "நாளைக்கு நான் பொறந்தேன்" என்று எங்கள் லெட்சுமி ஒரு பாயைச் சுற்றிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறாள். ஆயாம்மா அதற்கெல்லாம் திருத்தமாட்டார், சிரிக்கவும் மாட்டார். "சரி தாயி, அதுக்கு முந்தி என்ன செஞ்ச?" என்று மட்டும் கேட்பார். பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கும். அந்த யோசனைதான் அவருக்கு வேண்டும்.

தப்புத் தப்பாகச் செய்து காட்டுவதுதான் அவர் பாடம் நடத்துகிற விதம். காலையில் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துத் தலையை நன்றாகத் துவட்டுவார். துவட்டி முடித்து, "சரி, நான் குளிச்சிட்டு வாறேன்" என்று வாளியைத் தூக்குவார். பிள்ளைகள் கத்துகிற கத்தல் ஸ்டோர் மிசின் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்கும். "ஆயாம்மா, மொதல்ல தண்ணி! மொதல்ல தண்ணி!" அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வாளியைக் கீழே வைப்பார். அப்புறம் வெறும் கோப்பையை வாயில் கவிழ்த்து மடக்கு மடக்கு என்று குடித்து, வாயைத் துடைத்து, பிறகு கோப்பைக்குள் பாலை ஊற்றுவார். நடக்கத் தெரியாத பிள்ளைகூடத் தொட்டிலுக்குள் கிடந்து சிரிக்கும்.

இது விளையாட்டு என்றுதான் நாங்கள் நினைத்தோம். விளைவு வீட்டுக்கு வந்தபோதுதான் புரிந்தது.

எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், மருதை என்று ஒருவர். சம்பள நாளில் கொஞ்சம் தாமதமாக வருவார். ஒரு நாள் அப்படி வந்து, "பசறையில பஸ்ஸு தவறிப் போச்சு" என்று சம்சாரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாலு வயசு மகள் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கேட்டாள்.

"அப்பா, மொதல்ல நீங்க வந்தீங்களா, பஸ்ஸு வந்துச்சா?"

"நான்தான் வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ்ஸு வந்துச்சு."

"அப்ப ஏன் ஏறல?"

மருதை யோசித்தார். "பஸ்ஸு வரும்போது நான் அங்க இல்ல."

"எங்க இருந்தீங்க?"

சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான். லயம் முழுக்க காதை வைத்துக்கொண்டிருக்கிறது. மருதை சம்சாரம் அகப்பையை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க, புள்ள கேக்குதில்ல. பஸ்ஸுக்கு முந்தி என்ன?" என்றார். அடுத்த நாள் மருதை நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ச் சண்டை. "நாங்க ஒங்ககிட்ட புள்ளய பாத்துக்கத்தான் விட்டோம். நீங்க பொலிசு வேலைக்குப் பழக்குறீங்க!"

ஆயாம்மா அவரை உட்காரச் சொல்லி, "கோவிக்காதீங்க. நேத்து என்ன நடந்துச்சு, மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாராம். மருதை எழுந்து வந்துவிட்டார்.

மாரியம்மன் திருவிழாவிலும் மானம் போனது. குழாய்த் தண்ணீர் வருவதற்குத் தாமதமாகிவிட, பூசாரி அபிஷேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கற்பூரத்தைக் காட்டத் தொடங்கினார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மணிச் சத்தத்துக்கு நடுவில் முன் வரிசையிலிருந்து பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள். "சாமி, மொதல்ல தண்ணி! மொதல்ல தண்ணி!" பூசாரி தட்டோடு திரும்பி, "ஆயா, ஒன் படையைக் கொஞ்சம் அடக்கு" என்றார். ஆயாம்மா பின்னாலிருந்து பவ்யமாகக் கேட்டார். "அடக்குறேன் சாமி. புள்ளைக சொன்னதுல தப்பிருக்கா?" பூசாரி கற்பூரத்தை அணைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார். அம்மாளுக்கு அன்றைக்கு முறையான பூசை கிடைத்தது என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், வெளியே சொல்லவில்லை.

இந்தக் குணம் எல்லா நேரத்திலும் நல்லதாக இருந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஒரு நாள் ஆயாம்மா ஸ்டோருக்கு வந்து, அதற்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் முன்னால் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஐயா, காலையில வேலைக்கு எழுப்ப அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டு எந்திரிச்சேன்."

"என்ன ஆயா, என்ன விஷயம்?"

"அதத்தாங்க சொல்றேன். எந்திரிச்சு மொகம் கழுவினேன். காம்பராவத் தொறந்தேன். புள்ளைகளெல்லாம் வந்துச்சு. பால் காய்ச்சுனேன்..."

டீமேக்கர் ஐயா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆயாம்மா பால் கொடுத்து, பனிஸ் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் துணி மாற்றி, ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்தி, தொட்டில் கயிற்றைச் சரி பண்ண அண்ணாந்து பார்த்து, அப்புறம்தான் முடித்தார். "அங்க ஒரு பாம்புங்க."

நாங்கள் தடிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளைகள் எல்லாம் வெளியே புல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிள்ளைகளை மருதை மகளும் மற்றவர்களும் மடியில் வைத்திருந்தார்கள். பாம்பு போய்விட்டிருந்தது. டீமேக்கர் ஐயா மூச்சு வாங்க, "ஏன் ஆயா, பாம்புன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார்.

"மொதல்ல புள்ளைகள வெளிய எடுத்தேங்க. மொதல்ல செய்ய வேண்டியத செஞ்சாச்சு. அப்புறம் சொல்றதுக்கு என்னங்க அவசரம்?"

பாம்பு எங்கே போனது என்று அன்றைக்கு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பிள்ளைகளை இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் தோட்டமே அவரை ஏசியது.

அவருடைய சொந்தக் கதையை மட்டும் அவரால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. புருஷனைப் பற்றிக் கமலம் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "மொதல்ல, எல்ல ஊருப் பக்கம் வேலை இருக்குன்னு போனாரு. கடைசியில வரல. நடுவுல என்னன்னு தெரியல தாயி" என்றாராம்.

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்காம்பராவில் சேர்த்த புதிதில் லெட்சுமி அழுத அழுகையைச் சொல்ல முடியாது. வாந்தி எடுக்கும் வரைக்கும் அழுவாள். கமலம் மலையில் நிற்க முடியாமல் பாதியில் ஓடி வருவாள். கங்காணி, "இப்பிடி ஓடி ஓடிப் போனா ஒனக்குப் பேரு போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பேர் போடாவிட்டால் அன்றைக்கு வேலை செய்ததாகவே கணக்கில்லை. அவளை எப்படி அங்கே இருக்க வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆயாம்மா ஜன்னல் கட்டையில் மூன்று சாமான்களை வரிசையாக வைத்தார். ஒரு தகரக் கோப்பை, ஒரு சின்னத் தலகாணி, ஒரு சின்னக் கூடை. "பாரு லெட்சுமி. மொதல்ல பால். அப்புறம் தூக்கம். அப்புறம் அம்மா கொழுந்து நிறுக்கப் போவா. அப்புறம் அம்மா இங்க வருவா." பால் குடித்தவுடன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். தூங்கி எழுந்தவுடன் தலகாணியைச் சாய்த்துவிட்டார். சாயங்காலம் நிறுவைக்குச் சங்கு ஊதியதும் கூடையைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் கமலம் வாசலில் நின்றாள். லெட்சுமி அம்மாவைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தாள். மந்திரம் பலித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

பிறகு அவள் அழவில்லை. எத்தனை சாமான் கவிழ்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். மற்றப் பிள்ளைகள் அழுதால், "அழாத, இன்னும் தலகாணியே சாயல" என்று இவளே போய்ச் சமாதானம் சொல்வாளாம். கமலத்துக்கு முழுப்பேர் விழுந்தது.

அடுத்த வருஷம் கமலம் இரண்டாவது பிள்ளைக்கு மாசமானாள். நாள் நெருங்கின நேரம் திடீரென்று கை கால் வீங்கி, கண் மறைக்கிறது என்றாள். தோட்டத்து டாக்டர் ஐயா பார்த்துவிட்டு, "உடனே பதுளைக்குக் கொண்டு போங்க" என்றார். தோட்டத்து லாரியின் பின் பெட்டியில் மெத்தையைப் போட்டு ஏற்றினோம். லாரி ஓட்டுகிறவர் பியதாச, சிங்களவர், நல்ல மனுஷன், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் அவருக்கு ஒரு மாதிரி வரும். லெட்சுமி பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று, அம்மாவைத் தூக்கி வைத்ததையும், லாரி முடக்கில் மறைந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் பதுளையில் இருந்தேன். நடந்ததை எனக்கு மருதை சம்சாரம் பிறகு சொன்னார். கோப்பை கவிழ்ந்தது. தலகாணி சாய்ந்தது. கூடை கவிழ்ந்தது. எல்லாத் தாய்மாரும் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். லெட்சுமி கூடையைக் காட்டி, "கவுந்திருச்சு. அம்மா எங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வருவான்னு சொல்லிருங்க ஆயாம்மா" என்று மருதை சம்சாரம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு வரலேன்னா? அப்புறம் இவ கோப்பையக்கூட நம்ப மாட்டா."

ஆயாம்மா கொடுத்த சோற்றை லெட்சுமி வாயில் வாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் பாலும் குடிக்கவில்லை. குடித்தால்தானே கோப்பை கவிழும், கவிழ்ந்து என்ன பிரயோசனம் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தப் பிள்ளைக்காம்பராவில் வரிசை பொய்த்துப் போன முதல் நாள் அதுதான்.

நான் திரும்பி வந்து பார்த்தபோது ஜன்னல் கட்டையில் நாலாவது சாமான் ஒன்று இருந்தது. டின்மீன் டப்பாவில் செய்த லாரி, சோடா மூடிகளில் சக்கரம். மருதைதான் செய்து கொடுத்திருக்கிறார், பஸ் சண்டையை மறந்துவிட்டு. லாரியின் மூக்கு ஜன்னல் பக்கம், பதுளையைப் பார்த்தபடி.

ஆயாம்மா லெட்சுமியை மடியில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "மொதல்ல அம்மா லாரியில ஏறுனா. அப்புறம் பதுளைக்குப் போனா. அப்புறம் ஆஸ்பத்திரியில படுத்தா. அப்புறம் பாப்பா வரும். அப்புறம் லாரி இந்தப் பக்கம் திரும்பும். லாரி வரும். அம்மா எறங்குவா. லாரி திரும்பாம அம்மா வர மாட்டா. ஆனா திரும்பிருச்சுன்னா?"

"அம்மா எறங்குவா" என்றாள் லெட்சுமி. ஒரு மடக்குப் பால் குடித்தாள்.

என்னைப் பார்த்ததும் ஆயாம்மா வாசலுக்கு வந்து கேட்டார். "திருப்பலாமா தம்பி?"

"இன்னும் இல்லிங்க."

ஒவ்வொரு தடவை நான் பதுளைக்குப் போய் வரும்போதும் இதே கேள்வி. பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை, முருகன் கிருபையில் சுகம். ஆனால் கமலத்துக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எந்த ஊர் தாண்டியது என்றே தெரியாது. எதையும் சொல்லப் பிடிக்காது. ஆயாம்மா விடமாட்டார். "மொதல்ல என்ன? வாசல்ல யாரு நின்னா? வார்டுக்கு எப்பிடிப் போனீங்க?" என்று இழுத்து இழுத்துக் கேட்பார். முதலில் எரிச்சலாக வரும். ஆனால் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தேன், நர்ஸ் உள்ளே விட்டார், நெற்றியில் கை வைத்தேன், நேற்றைக்குப் போலத்தான் சுட்டது என்று ஒன்று ஒன்றாகச் சொல்லி முடிக்கும்போது மனசு நிதானத்துக்கு வந்திருக்கும்.

ஒரு நாள் கமலம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். வந்து சொன்னேன். "என்ன ஆகும்னே தெரியல ஆயாம்மா."

அவர் ஜன்னல் கட்டையிலிருந்த டப்பா லாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நடுவுல நிக்கிறோம். நடுவுல நிக்கிறப்ப திருப்பக் கூடாது, கவுக்கவும் கூடாது" என்றார்.

நான் கோயிலுக்குப் போய், கமலம் பிழைத்து வந்தால் கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன், மகனுக்கு அங்கேயே மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். மனசு கேட்காமல் காப்பு முடிச்சை அப்போதே கையில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆயாம்மா கையைப் பார்த்துவிட்டு, "கேட்டீங்க, சரி. சாமி குடுக்கட்டும். அப்புறம் நடங்க. இன்னைக்கே நடக்கத் தொடங்கிறாதீங்க, புள்ளய யாரு பாக்குறது?" என்றார். அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாமி கொடுத்தான். காய்ச்சல் இறங்கியது. கமலம் என்னைப் பார்த்து, "லெட்சுமி சாப்புட்டாளா?" என்று கேட்டாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து ரோட்டில் ஏறி வருகிறபோதே கத்தினேன். "ஆயாம்மா, திருப்புங்க!"

அவர் திருப்பவில்லை. பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, என்னை நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல வைத்தார். நான் சொல்லி முடித்த பிறகு, லெட்சுமியின் கையைப் பிடித்து அவள் கையாலேயே டப்பா லாரியைத் திருப்ப வைத்தார். இப்போது மூக்கு எங்கள் பக்கம். அன்றைக்கு லெட்சுமி இரண்டு பனிஸ் தின்றாள்.

ஏற்பாடு இதுதான். பியதாச தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஆஸ்பத்திரியில் கமலத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வருவார். நான் ஸ்டோரில் அரை நாள் கேட்டுக்கொண்டு பிள்ளைக்காம்பராவில் காத்திருந்தேன்.

மத்தியானம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. வந்தது லாரி இல்லை. லுணுகலைப் புடவைக்கடை நானாவின் வேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். லயம் லயமாகப் புடவை கொண்டுவந்து விற்கிறவர், எல்லாருக்கும் பழக்கம். அவர் ஆஸ்பத்திரிக்குத் தன்னுடைய மச்சானைப் பார்க்கப் போனவர், கமலம் துண்டு வெட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகத் தயாராகப் பிள்ளையோடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "ஏன் தங்கச்சி வெயில்ல இருக்கீங்க, நான் அந்தப் பக்கம்தானே போறேன்" என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனசில் செய்த காரியம்.

வேன் கதவு திறந்தது. கமலம் மெலிந்து போய், பிள்ளையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். "லெட்சுமி" என்று கையை நீட்டினாள்.

லெட்சுமி அசையவில்லை. ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"லாரி வரல."

"அம்மா வந்துட்டேன்டி தங்கம்!"

"நீங்க இன்னும் வரல. போயிட்டு வாங்க."

கமலம் ஒரு அடி எடுத்து வைத்தாள். லெட்சுமி இரண்டு அடி பின்னால் போனாள். மூக்கு விடைத்து, உதடு கோணி, ஆனால் அழவும் மாட்டேன் என்கிறாள். இத்தனை நாள் அவள் சோறு தின்றதே அந்த லாரியை நம்பித்தானே. கமலம் பிள்ளையோடு அப்படியே படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். "என்னை மறந்துட்டா. எம்புள்ள என்னை மறந்துட்டா."

நானாவுக்கு முகம் வாடிவிட்டது. "அல்லாவே, நான் என்ன செஞ்சிட்டேன்? வேணும்னா வேனைப் பின்னால எடுக்கவா ஆயா? நான் வராத மாதிரி?"

"நீங்க வந்தது வந்ததுதான் நானா. அத யாரும் மறைக்க வேணாம். ஒங்களுக்குப் புண்ணியம்" என்றார் ஆயாம்மா. அப்போதுதான் கீழே, முடக்குக்கு அந்தப் பக்கம், பியதாசவின் ஹாரன் சத்தம் கேட்டது.

ஆயாம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முடக்கைப் பார்த்து ஓடி, ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றார். லாரி கிரீச் என்று நின்றது. நானும் பின்னால் ஓடினேன். பியதாச ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்.

"ஆயா, நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நின்னு காலு ஒடஞ்சி. அவங்க போயாச்சி சொல்றாங்க. எங்க அந்த நோனா?"

"மேல இருக்கா. நீங்க இங்கயே நில்லுங்க. அவள இங்க கூட்டிட்டு வாறோம். நீங்க ஏத்திட்டு மேல வாங்க."

பியதாச என்னைப் பார்த்தார். "மேல இருக்கிற ஆள கீழ கொண்டு வாறது. கீழ கொண்டு வந்து மேல கொண்டு போறது. ஆயாவுக்குச் சுகமில்லயா?"

நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். ஆயாம்மா, "மொதல்லேருந்து சொல்லுங்க தம்பி" என்றார். நான் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு நேரம் இல்லை.

கமலத்தை நானாவின் வேனிலேயே திரும்ப ஏற்றி முடக்குக்குக் கொண்டு வந்தோம். லாரிப் படியைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. "ஆயாம்மா, எனக்கு ஒடம்பு முடியலிங்க. வீட்டுக்கு வந்தாச்சு, இன்னும் என்னத்துக்கு இது?"

"தெரியும் தாயி. ஒன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா நீ இன்னும் வரல."

அதைக் கேட்டுக் கமலம் அழுதுகொண்டே சிரித்தாள். நானா கைப்பிள்ளையை வாங்கிக்கொள்ள, நானும் பியதாசவும் அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தோம். பிள்ளையை அவள் மடியில் கொடுத்தோம். ஆயாம்மா குறுக்குப் பாதையில் மேலே ஏறிப் போய்ப் பிள்ளைகளையெல்லாம் வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டார். பியதாசவுக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. தலையை வாரிக்கொண்டார். ஹாரனை அழுத்தினார். திருவிழாத் தேர் மாதிரி மெதுவாக, மிக மெதுவாக லாரி முடக்கில் திரும்பியது.

லெட்சுமி கையில் டப்பா லாரி இருந்தது. அதைப் பார்த்தாள். வருகிற லாரியைப் பார்த்தாள். இரண்டுக்கும் மூக்கு ஒரே பக்கம்.

லாரி நின்றது. கதவு திறந்தது. அம்மா இறங்கினாள்.

அப்போது அழுதாள் பாருங்கள் லெட்சுமி, அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து. ஓடிப்போய்க் கமலத்தின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அடித்தாள். அடித்து முடித்து, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினாள். "மொதல்ல நீங்க லாரியில போனீங்க. அப்புறம் நான் சோறு திங்கல. அப்புறம் மருத மாமா லாரி செஞ்சாரு..." கமலத்துக்கு நிற்க முடியவில்லை. உட்காரச் சொன்னால் பிள்ளை விடவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். லெட்சுமி வேனைப் பற்றியும் சொன்னாள். "அப்புறம் நானா வேன் வந்துச்சு. அப்புறம்தான் நீங்க வந்தீங்க."

நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வேன்ல வந்தது யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

ஆயாம்மா உள்ளே போனார். கோப்பையைக் கவிழ்த்தார். தலகாணியைச் சாய்த்தார். கூடையைக் கவிழ்த்தார். லெட்சுமியிடமிருந்து டப்பா லாரியை வாங்கி, அதையும் கவிழ்க்கப் போனார். பியதாச, "ஐயோ ஆயா, லாரிய கவுக்க வேணாம்! நாளைக்கு நான்தானே ஓட்டுறது!" என்று அலறினார். ஆயாம்மா சிரித்து நான் பார்த்ததும் அந்த ஒரு தடவைதான். லாரியைக் கவிழ்க்காமல், மூக்கு எங்கள் பக்கம் இருக்க, அப்படியே சாமி மாடத்தில் வைத்துவிட்டார். அவர் இருந்த காலம் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. மகன் நடக்கப் பழகின பிறகு நான் கதிர்காமம் போய் வந்தேன். கேட்டது முதல், கிடைத்தது பிறகு, நடந்தது அதற்கும் பிறகு.

இனி வழக்கைச் சொல்கிறேன். லெட்சுமிக்கு இப்போது பேரப்பிள்ளை பிறக்கிற வயசு. அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது, ஆனால் லாரி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. "அம்மா லாரியிலதான் வந்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன். வேன் கதையெல்லாம் அப்பா கட்டுனது" என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்கிறாள். சாட்சி சொல்ல இப்போது கமலமும் இல்லை. நானாவும் இல்லை. பியதாச எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆயாம்மா காலமாகி எத்தனையோ வருஷம். நான் ஒருவன்தான் மிச்சம், எனக்கும் மறதி தொடங்கிவிட்டது. அதனால்தான் தாளைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தேன்.

இதைப் படிக்கிற தாய்மாரும் ஐயாமாரும் நாலு பேரிடம் சொல்லுங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளில். உங்கள் இஷ்டத்துக்கு அலங்காரம் பண்ண வேண்டாம், முன்னுக்குப் பின் மாற்றவும் வேண்டாம். முதலில் வேன், அப்புறம் லாரி. சொல்லும்போது என் மகள் பக்கத்தில் இருந்து, இல்லை, அம்மா லாரியில்தான் வந்தாங்க என்று சண்டைக்கு வந்தால், அவளை மறுத்துப் பேசாதீர்கள். அதுவும் நடந்ததுதான்.

அப்புறம் நடந்தது.